மாசியில் வீசிய குட்டிகளும் என் நான்கு மாதக் காய்ச்சலும்

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம் மானூருக்கு வடக்கே இருக்கிறது. நானும் அண்ணனும் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் செம்மறியும், பாலுக்கென்று நாலைந்து வெள்ளாடும் வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடியும்வரை ஊர்ப்பக்கத்து மானாவாரிக் காடுகளில் மேய்ப்போம். பிசான நெல் அறுவடை தொடங்கியதும் தாமிரபரணிப் பாசன வயல்களைப் பார்த்துக் கிடை கிளம்பிவிடும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வயல்காரர்கள் கேட்கும் இடங்களில், ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை மறிப்போம். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம்; எங்களுக்கு ஆட்டுக்கணக்கில் கூலி. தாத்தா காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு.

இத்தனை காலம் ஆட்டோடு கிடந்தும், ஆட்டுக்கு வருகிற நோய் ஆளுக்கும் வரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. வெறிநாய்க்கடி ஒன்றுதான் தெரியும். மற்றதெல்லாம் என் உடம்பு நான்கு மாதம் வதைபட்ட பிறகு தெரிந்துகொண்டது. ஆடு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்து, ஒரு வீட்டிலாவது அந்த நான்கு மாதம் மிச்சமானால் போதும்.

சில வருடங்களுக்கு முன், மாசிக் கடைசி. சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு வயலில் கிடை. நடுச்சாமத்தில் ஒரு தலையீற்று ஆடு முக்கிக்கொண்டு கிடந்தது. நாள் இன்னும் நிறையவில்லை, மூன்று வாரமாவது பாக்கி. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலையும் மற்றக் காலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. தேங்காய் எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, மடங்கிய தலையையும் காலையும் நிமிர்த்தி மெல்ல இழுத்தேன். குட்டி வந்தது. மூச்சு இருப்பதுபோல் தோன்றவே, எங்கள் வழக்கப்படி அதன் மூக்கில் வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பி, இரண்டு தரம் ஊதினேன். பிழைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. அது வழக்கமான நஞ்சுபோல இல்லை. தோலைப்போலத் தடித்து, ஆங்காங்கே மஞ்சளாகச் சீழ் படிந்ததுபோல இருந்தது. அதை வரப்புக்கு அப்பால் வீசினேன். கிடை நாய் இழுத்துக்கொண்டு போனது. வாய்க்காலில் கையை அலம்பிவிட்டு, வைக்கோலில் துடைத்து, தூக்குச்சட்டியில் இருந்த சோற்றைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

என் கை அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒடைமுள் கிழித்தது, அறுத்த தாள் குத்தியது, தொரட்டி பிடித்துக் காய்த்து வெடித்தது என்று பத்து இடத்தில் தோல் திறந்திருந்தது. மேய்ச்சல்காரன் கை எதுவும் அப்படித்தான் இருக்கும்.

அந்த மாசியிலும் பங்குனியிலுமாகப் பதினொரு ஆடுகள் குட்டி வீசின, அதாவது நாள் நிறையுமுன்னே சினை கலைந்து குட்டியை வெளியே தள்ளிவிட்டன. கண்ணேறு என்றார்கள். சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டோம். வெயில் ஜாஸ்தி, பச்சை இல்லை, நடை அதிகம் என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரு சந்தையில் ஆறு பெட்டை ஆடுகளை மலிவாக வாங்கி, அன்றைக்கே கிடையோடு சேர்த்துவிட்டதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நல்ல மடி, நல்ல பல், சினை வேறு. அப்படிப்பட்ட ஆட்டை ஒருவர் ஏன் விலை குறைத்துக் கொடுக்கிறார் என்று அன்று கேட்டிருக்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய் வந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பகலில் ஒன்றும் இருக்காது. பொழுது சாயும்போது குளிர் ஏறும். நடுராத்திரியில் வேர்த்துச் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். விடியும்போது காய்ச்சல் இருக்காது. அடித்துப்போட்டதுபோல உடம்பு மட்டும் கிடக்கும். பத்து நாள் அடிக்கும், ஒரு வாரம் விடும், மறுபடி வரும். அந்த ஒரு வாரம்தான் என்னை ஏமாற்றியது. சரியாகிவிட்டது என்று கிடைக்குப் போய்விடுவேன். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு வலி பிடித்தது. குனிந்து ஒரு குட்டியைத் தூக்க முடியவில்லை.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்றார்கள். ஊசி போட்டார்கள், ஒரு வாரம் கேட்டது, திரும்ப வந்தது. இரண்டாவது இடத்திலும் டைபாய்டுதான். மூன்றாவது இடத்தில் காசநோயாக இருக்குமோ என்று சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. இதற்குள் இரண்டு கிடாய் விற்ற பணம் கரைந்திருந்தது. மூன்று இடத்திலும் என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ‘விவசாயம்’ என்று சீட்டில் எழுதியிருந்தார்கள், அதோடு போயிற்று.

இன்னொன்றை நானே மறைத்தேன். வைகாசியில் விரையில் ஒரு பக்கம் வீங்கி வலித்தது. அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். மனைவியிடம்கூட இருபது நாள் கழித்துத்தான் சொன்னேன். விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பு வலி, விரைவீக்கம் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நோய் முன்னமே பிடிபட்டிருக்கலாம் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். ஆண்கள் இதை மறைக்கவே கூடாது.

ஆடியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் மூன்று மணி நேரம். உள்ளே இருந்தவர் வயதில் சிறிய பெண் மருத்துவர். பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு நிமிர்ந்து, ‘அண்ணாச்சி, என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டார். ஆடு என்றேன். ‘ஆடு ஏதாவது குட்டி வீசியதா?’ என்பது அடுத்த கேள்வி. எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. என் காய்ச்சலுக்கும் மாசியில் வீசிய குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று திகைத்துப் போனேன். நஞ்சை வெறுங்கையால் எடுத்ததையும், மூக்கில் வாய் வைத்து ஊதியதையும், வெள்ளாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பதையும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். புரூசெல்லா என்ற கிருமிக்கான இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதுதான் என்று முடிவு வந்தது.

மாட்டில் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வருகிற புரூசெல்லா வகைதான் மனிதனை மிக மோசமாகத் தாக்குவது. வீசிய குட்டி, நஞ்சு, பனிக்குட நீர், அதற்குப் பின் நாள்கணக்கில் வடிகிற கசிவு, பால் இவற்றில் கிருமி நிறைந்திருக்கும். வெடித்த தோல், கண், வாய், மூச்சு என்று எந்த வழியிலும் உள்ளே புகும். புகுந்து ஓரிரு வாரத்திலும் காய்ச்சல் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் காரணத்தையும் காய்ச்சலையும் நாம் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

வைத்தியம் ஆறு வாரம். டாக்சிசைக்ளின் காலையும் இரவும், ரிபாம்பிசின் காலையில் வெறும் வயிற்றில். ரிபாம்பிசின் சாப்பிட்டால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதல் நாள் இரத்தம் என்று பயந்துவிட்டேன். அது காசநோய்க்கும் கொடுக்கிற மாத்திரை. எங்கள் தெருவில் யாரோ அட்டையைப் பார்த்துவிட்டு எனக்குக் காசநோய் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திய வீடும் உண்டு. டாக்சிசைக்ளின் வெயிலில் தோலைச் சுடும். மேய்க்கிறவன் வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது? கழுத்தும் முன்கையும் தீய்ந்ததுபோலச் சிவந்தன. அண்ணன் பகல் மேய்ச்சலை எடுத்துக்கொண்டு எனக்குக் கிடைக்காவலை மட்டும் கொடுத்தார். மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே செய்தேன். மூன்றாம் வாரமே உடம்பு தேறிவிட்டது. அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மருத்துவர் கையைப் பிடித்துச் சொல்லாத குறையாகச் சொல்லியிருந்ததால் நாள்காட்டியில் கட்டம் போட்டு 42 நாளும் சாப்பிட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லி வாங்கி விழுங்க வேண்டாம். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் மருந்து வேறு. எலும்பிலோ இதயத்திலோ நோய் இறங்கியவர்களுக்கு மருந்தும் கூடும், நாளும் கூடும்.

ஆளுக்கு வைத்தியம் ஆயிற்று, கிடைக்கு? அந்த மருத்துவரே கால்நடை மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்குப் போகிற வழியில், ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தரம் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அங்கே விசாரித்து, எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் வந்து அறுபது ஆட்டுக்கு இரத்தம் எடுத்தார். ஏழு ஆட்டுக்கு நோய் இருந்தது. அதில் ஐந்து, சந்தையில் மலிவாக வாங்கியவை.

ஆட்டுக்கு இதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை, கழித்துவிட வேண்டும் என்றார். கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இருக்கிறது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் அந்தத் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. இது எனக்கு இன்னமும் ஆறாத மனக்குறை. ஆளை அதிகம் வதைக்கிற வகை ஆட்டிடம் இருக்க, ஊசி மாட்டோடு நிற்கிறது.

ஏழு ஆட்டையும் சந்தையில் தள்ளிவிடலாம் என்று உறவில் பலர் சொன்னார்கள். அண்ணனுக்கும் அந்த நினைப்பு இருந்தது. நியாயம்தான், ஆடு ஒன்று எட்டாயிரம் பத்தாயிரம் போகும். ஆனால் அப்படி ஒருவர் தள்ளிவிட்டதுதான் எங்கள் கிடைக்கு வந்தது. அதே ஆட்டை வாங்கி இன்னொருவர் வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் அதன் நஞ்சை அள்ளினால் என்ன ஆகும்? இரண்டு நாள் வீட்டில் சண்டை. முடிவில் மருத்துவர் சொன்ன முறைப்படி கழித்தோம். அறுத்தவர் கையுறை போட்டுக்கொண்டார், மடியையும் கருப்பையையும் அங்கேயே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வந்த பணம் கால்வாசிகூட இல்லை. கழிக்கிற ஆட்டுக்கு அரசு ஈடு கொடுத்தால் ஒழிய எல்லோரும் இதைச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தைக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

அதற்குப் பிறகு குட்டி எடுக்கிற முறையை மாற்றினோம். கால்நடை மருத்துவர்கள் போடுகிற முழங்கை நீளப் பாலித்தீன் கையுறையை நூறாக வாங்கி வைத்துக்கொள்கிறோம். அது தீர்ந்துபோன ராத்திரியில் தடித்த பாலித்தீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டாலும் வெறுங்கைக்கு எவ்வளவோ மேல். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். மூக்கில் வாய் வைப்பதை நிறுத்தியாயிற்று. குட்டியைப் பின்னங்கால் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சளியை வடியவிட்டு, மூக்குத் துளையில் வைக்கோல் நுனியால் கிண்டினால் தும்மி மூச்சு எடுத்துக்கொள்கிறது. வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். பத்தில் எட்டுக்கு அதுவே போதும். வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறோம். கிடைக்குப் போகிற மூட்டையில் பாத்திரம், போர்வையோடு இப்போது சோப்பும் கட்டாயம்.

நஞ்சை முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். மேலே ஒடைமுள்ளை வெட்டிப் போட்டால்தான் நாய் தோண்டாது. குட்டி வீசினால் அந்த இடத்து வைக்கோலையும் சேர்த்துப் புதைத்துவிட்டு, அந்த ஆட்டைத் தனியே கட்டுகிறோம். காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறுகிற வேறொரு காய்ச்சலும் இதே நஞ்சிலிருந்துதான் வருகிறது, அதற்குக் க்யூ காய்ச்சல் என்று பெயர். கர்ப்பமாக இருக்கிற பெண்களைக் குட்டி ஈனும் நாட்களில் கொட்டில் பக்கமே விடுவதில்லை. அண்ணன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஆட்டுக்கொட்டில் பெருக்குகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ‘ஆம்பிளை பெருக்குவதா’ என்று பேசியவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். ஆண்கள் காட்டில் மேய்க்கிறோம் என்று பெருமை பேசினாலும், வீட்டில் நிறுத்திய சினையாட்டின் பேறு பார்ப்பது, கொட்டில் கூட்டுவது, பால் கறப்பது எல்லாம் பெண்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் கசாயம், எங்களுக்கு வந்தால் பஸ். இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். பரிசோதனைக்கு என் மனைவியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு போனபோது, மதினி இரண்டு வருடமாக மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான் என்று தெரிந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது பால் விஷயம். எங்கள் ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். வெள்ளாட்டுப் பாலைக் காய்ச்சினால் சத்துப் போய்விடும், கறந்த நுரையோடு பிள்ளைக்குக் கொடுத்தால் இருமல் போகும் என்பது அவர் நம்பிக்கை. நான் அவரோடு வாதாடவில்லை. கால்நடை மருத்துவர் எனக்குச் சொன்ன ஒரு கதையைச் சொன்னேன். மத்தியதரைக் கடலில் மால்டா என்ற தீவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார், அவர் பெயரில்தான் புரூசெல்லா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது அதன்பின் பதினெட்டு வருடம் தெரியவில்லை. 1905இல் அந்தத் தீவுக்காரரான ஜம்மிட் என்ற மருத்துவர் ஆடுகளைச் சோதித்தார். கொழுகொழுவென்று நோயின் சுவடே இல்லாமல் நின்ற ஆடுகளின் பாலில் கிருமி இருந்தது. சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் அவர்களிடையே காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஆச்சி முழுதும் கேட்டுவிட்டு, ‘நோயில்லாத ஆட்டிலுமா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த நாள் பாலை அடுப்பில் வைத்தார். சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவித்துத்தானே சாப்பிடுகிறோம், அதைச் சாப்பிட்டு யாரும் மெலியவில்லையே என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார். பொங்கி வரும்வரை காய்ச்சினால் போதும், கிருமி செத்துவிடும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு இன்னொரு சோதனை வந்தது. விடியற்காலையில் கொழுத்த ஆடுகள் மூன்று செத்துக் கிடந்தன. புதுப் புல் தின்ற நாட்களில் இப்படித் திடீரென்று சாவது துள்ளுமாரி. அது ஆளுக்கு வராது. செத்ததை உடனே அறுத்துக் கூறுபோட்டுவிடுவது ஊர் வழக்கம். ஆனால் அதில் ஒன்றின் மூக்கோரம் கறுத்த இரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்தேன். ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயிலும் ஆடு இப்படித்தான் முன்னறிவிப்பு இல்லாமல் விழும். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த இரத்தம் வரும், வயிறு சீக்கிரம் ஊதும், உடம்பு விறைக்காது. அந்த உடலைக் கத்தி வைத்துத் திறந்தால், காற்றுப்பட்ட கிருமி விதைபோல ஓடு போட்டுக்கொண்டு அந்த மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். அறுத்தவர் கையில் வலியில்லாத கொப்புளம் கிளம்பி நடுவில் கரிபோலக் கறுக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அறுத்தே ஆக வேண்டும் என்று நின்ற அண்ணனைத் தடுத்து, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் செய்தேன். வந்தவர்கள் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு போனார்கள். ஆறடிக் குழியில் சுண்ணாம்போடு மூன்றையும் புதைத்தோம். பரிசோதனையில் அது அடைப்பான் இல்லை என்று வந்தது. அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முப்பது கிலோ கறி மண்ணுக்குள் போயிற்றே என்ற வருத்தம். எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் மறுபடி அப்படிச் செத்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். வெளியிலிருந்து பார்த்து எது துள்ளுமாரி, எது அடைப்பான் என்று என்னாலும் சொல்ல முடியாது, அண்ணனாலும் சொல்ல முடியாது. மழைக்கு முன்பே துள்ளுமாரி ஊசி போட்டிருந்தால் அந்த மூன்றும் செத்திருக்காது, அதை அந்த வருடம் தவறவிட்டது எங்கள் பிழை.

வெறிநோயைப் பற்றித் தெரியும் என்று தொடக்கத்தில் எழுதினேன். அதுவும் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஒரு பெட்டை ஆடு இரை எடுக்காமல், எச்சில் ஒழுக, குரல் கரகரத்துக் கத்திக்கொண்டே நின்றது. தொண்டையில் முள் மாட்டியிருக்கும் என்று அண்ணன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். முள் இல்லை. இரண்டாம் நாள் அது மற்ற ஆடுகளை முட்டத் தொடங்கியது, பிறகு பின்கால் இழுத்து விழுந்தது. ஒரு மாதம் முன்பு தெருநாய் ஒன்று கிடையில் புகுந்து கடித்துவிட்டுப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணன் கைவிரல் கீறலோடு அந்த எச்சிலில் நனைந்திருந்தது. உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அன்றே கீறலைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். முதல் ஊசி நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மற்ற ஊசிகள். ஆடுதானே, நாய் கடிக்கவில்லையே என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியே கிடையாது. எச்சில் ஒழுகும் ஆட்டின், மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள்.

கிடை நாய்களுக்கு வருடம் தவறாமல் ஊசி போடுகிறோம். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குடற்புழு மாத்திரையும் கொடுக்கிறோம். கோயில் கொடைக்கு அறுத்த ஆட்டின் ஈரலில் சில சமயம் தண்ணீர் கோத்த கட்டி இருக்கும், அதைச் சீவி நாய்க்குப் போடுவது எல்லோர் வீட்டிலும் நடப்பது. அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. அது நாயின் குடலில் வளர்ந்து, முட்டை கழிவோடு புல்லுக்கு வந்து, ஆட்டுக்கும் போகும். நாயைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளைக்கும் போகும். பிள்ளையின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளரும். ஈரல் கட்டியைப் புதையுங்கள், அல்லது வேகவைத்துவிட்டு நாய்க்குப் போடுங்கள்.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகையில் மலையடிவாரத்துப் புதர்க்காட்டில் மேய்த்து வந்த அண்ணன் மகனுக்குக் கடுங்காய்ச்சல், தலைவலி. உடம்பு முழுக்கத் தேடியபோது அரைஞாண் கயிற்றுக்கு அடியில், சிகரெட் சுட்டதுபோல ஒரு சிறு கறுத்த பொருக்கு இருந்தது. அது வலிக்காது, அரிக்காது, அதனால் அவனுக்கே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடம் அது. மருத்துவரிடம் அதைக் காட்டினோம். இரண்டே நாளில் மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கியது. காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று மறைவிடங்களைத் தேடிப் பாருங்கள். தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டிலில் படுப்பதே பாதிக் காவல்.

நோய் எங்களிடம் முற்றுவதற்கு அறியாமை மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. கிடை ஓர் இடத்தில் நிற்பதில்லை. இந்த வாரம் வீரவநல்லூர், அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் என்றால், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொன்ன மருத்துவரிடம் எப்படித் திரும்பிப் போவது? இருநூறு ஆட்டை யார் பார்ப்பது? அதனால்தான் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஆட்டைப் பற்றிக் கேட்பதில்லை, ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பதில்லை. வெளிநோயாளிச் சீட்டில் ‘கால்நடை வளர்ப்பவரா?’ என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும். அதுவரை நாமே முந்திக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் காய்ச்சலைச் சொல்வதற்கு முன் ‘நான் ஆடு வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். குட்டி வீசியதா, செத்த ஆட்டை அறுத்தீர்களா, பச்சைப் பால் குடித்தீர்களா, அதையும் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குகிற ஆட்டை ஒரு மாதம் ஊரில் தனிக்கொட்டிலில் நிறுத்தி, இரத்தம் சோதித்த பிறகுதான் கிடையில் சேர்க்கிறோம். இரவல் கிடாய் வாங்குவதில்லை. வாய்ப்புண் வந்த குட்டிக்கு மருந்து தடவும்போதும் கையுறைதான், அந்தப் புண் விரலுக்குத் தொற்றும்.

போன பங்குனியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வயலில் கிடை மறிக்கப் போனபோது, ஓரத்தில் அண்ணன் குழி தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வயல்காரர், ‘என் வயலில் எதற்கு ஐயா பள்ளம்?’ என்று சத்தம் போட்டார். அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நஞ்சு, நாய், காய்ச்சல், என் நான்கு மாதம் எல்லாவற்றையும் அவருக்கு நின்று விளக்கினார். கறிக்காக என்னோடு ஒரு வாரம் பேசாதிருந்த அதே அண்ணன். வயல்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் வீட்டிலும் இரண்டு பசு இருக்கிறதாம், போன வருடம் ஒன்று கன்று வீசியதாம். பால் கறக்கிற அவர் அம்மாவுக்கு ஆவணியிலிருந்து விட்டு விட்டுக் காய்ச்சல் என்றார். எந்த மருத்துவமனையில் போய் என்ன கேட்க வேண்டும் என்று அண்ணன் சொல்லச் சொல்ல, போனில் எழுதிக்கொண்டார். பிறகு வாய்க்கால் வராத மேட்டுப் பக்கமாக அவரே ஓர் இடத்தைக் காட்டி, குழியை அங்கே தோண்டச் சொன்னார்.